காகிதச் சிறகின் கதை



தில்லியில் எங்கள் வீட்டு மாடித் தாழ்வாரத்தில் ஒரு நாள் மாலை உட்கார்ந்திருந்தேன். என் மகளின் மகன், ஏழு வயதுச் சிறுவன், பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தான். "காகஜ் கா ஹவாயி ஜஹாஜ்" வேண்டும் என்றான். நாங்கள் பேசும் தமிழ் அவனுக்கு நன்றாகப் புரியும். ஆனால் அவன் வாயிலிருந்து வரும் பதில் இந்தியாகவே இருக்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர் வீடுகளில் மொழியின் பெயர் மாறலாம். நிலைமை பெரும்பாலும் இதுதான்.

அவன் கேட்டதை மனத்துக்குள் தமிழாக்கிப் பார்த்தேன். அவனுடைய "காகஜ்", நம்முடைய "காகிதம்" இரண்டும் பாரசீகத்திலும் அரபியிலும் வழங்கிய ஒரே சொல்லின் வழித்தோன்றல்கள். "ஜஹாஜ்" என்பது கப்பல். ஆக, அவன் விரும்பியது காகிதத்தாலான ஒரு காற்றுக் கப்பல். நான் அவன் வயதில் மழை நின்ற தெருவில் கத்திக் கப்பல் விட்டவன். அந்தப் பழைய கைப்பழக்கத்தை நம்பித் தாளை மடித்து, கூர்மையான மூக்குடன் ஒரு விமானம் செய்து கொடுத்தேன். அவன் எறிந்தான். இரண்டு பாகம் தூரம் போவதற்குள் அது தலைகுப்புற விழுந்தது. மறுபடியும் எறிந்தான், மறுபடியும் விழுந்தது. "ஏன்?" என்று என்னைப் பார்த்தான்.

அந்த "ஏன்" என்ற வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இந்தப் பேச்சு. காகித விமானம் என்பது பெரிய விமானத்தைப் பார்த்துக் குழந்தைகள் செய்த போலி என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். வரலாற்று நூல்களைப் புரட்டியபோது உறவுமுறை தலைகீழாக இருக்கக் கண்டேன். இவ்விரண்டில் மூத்தது காகிதந்தான். மனிதனைச் சுமந்த விமானம் பிறப்பதற்கு முன்பே ஐரோப்பியப் பள்ளிச் சிறுவர்கள் மடித்த காகித அம்புகளை வகுப்பறையில் எறிந்து விளையாடினார்கள். அவர்களைவிட வயதில் மூத்தவர்கள் சிலர், அதே காகிதத்தைக்கொண்டு, பறப்பதன் இரகசியத்தை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

முதலில் காகிதத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் முன்னோர் எழுதியது பனையோலையில். குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் தந்ததும் அதே ஓலைதான். ஓலைத் துண்டுகளைப் பின்னி, நடுவே கருவேல முள்ளைக் குத்திக் காற்றாடி செய்துகொண்டு எதிர்காற்றில் ஓடாத தென்னாட்டுக் கிராமத்துச் சிறுவர் ஒரு காலத்தில் அரிது. ஆனால் ஓலைக்கு ஓர் இயல்பு உண்டு. நரம்பின் போக்கில் மடித்தால் மடங்கும். குறுக்கே மடித்தால் முறியும். எந்தத் திசையில் மடித்தாலும் முறியாமல் மடங்கி, மடித்த கோட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளும் தன்மை காகிதத்துக்கே உரியது. சீன நாட்டில் கி.பி. 105-இல் சாய் லுன் என்னும் அரண்மனை அதிகாரி, மரப்பட்டையும் சணலும் கந்தலும் பழைய வலைகளும் கொண்டு காகிதம் செய்யும் முறையை அரசருக்கு அறிவித்தார் என்பர். அந்தக் கலை மேற்கே அரபு நாடுகளுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போய்ச் சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. அப்பால் நடந்ததுதான் நம் கதைக்கு வேண்டியது.

பிரெஞ்சு நாட்டில் அனோனே என்னும் ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பம் மோங்கோல்ஃபியே குடும்பம். அதில் பிறந்த ஜோசஃப், எத்தியேன் என்ற சகோதரர்கள் இருவர், புகையும் சூடான காற்றும் மேலே செல்வதைக் கண்டு, அவற்றை ஒரு பையில் அடைத்தால் பையும் மேலே செல்லுமே என்று எண்ணினர். துணியால் பெரிய கூடு செய்து, உட்புறம் மெல்லிய காகித அடுக்குகளை ஒட்டி, துண்டுகளைப் பொத்தான்களால் இணைத்தார்கள். 1783-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அனோனே மக்கள் பார்த்திருக்க அது வானில் எழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 21-இல் பாரிஸ் நகரில் அவர்களுடைய மற்றொரு கூட்டில் இருவர் ஏறிப் பறந்தனர். மனிதன் நிலத்தை விட்டுத் தடையின்றி வானில் சென்ற முதற் பயணம் அதுவே. எனினும் கூண்டு காற்று போன வழியே போயிற்று. போகவேண்டிய வழியே போகவில்லை. அதற்குச் சிறகு தேவைப்பட்டது.

சிறகின் கதை இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பிரபுவான ஜார்ஜ் கேலியிடம் தொடங்குகிறது. பறவையைப்போல் சிறகடித்தால்தான் பறக்க முடியும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. கேலி அந்த நம்பிக்கையை உடைத்தார். தாங்குவதற்கு ஒன்று, தள்ளுவதற்கு வேறொன்று என இரண்டையும் பிரிக்கவேண்டும்; தாங்கும் சிறகு அசையாமல் விரிந்து நின்றாலே போதும் என்றார். இந்த எண்ணத்தை 1799-ஆம் ஆண்டில் ஒரு சிறு வெள்ளித் தகட்டில் செதுக்கி வைத்தார். அது இலண்டன் விஞ்ஞானக் கண்காட்சிச் சாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

எண்ணியதைச் சோதிக்க 1804-இல் அவர் செய்த கருவியைக் கேட்டால் நீங்கள் புன்னகை செய்வீர்கள். சுமார் 5 அடி நீளக் கழி ஒன்று. அதன்மேல் சிறுவர்கள் விடும் காகிதப் பட்டம் ஒன்றைச் சற்றே சாய்த்துக் கட்டினார். அதுதான் சிறகு. கழியின் கடைசியில் இப்படியும் அப்படியும் திருப்பக்கூடிய வால். முன்பக்கத்தில் நகர்த்தி வைக்கக்கூடிய ஒரு சிறு எடை. இதை மேட்டிலிருந்து விட்டபோது பள்ளத்தை நோக்கி அழகாக மிதந்து இறங்கியது. சிறகு, உடல், வால், முன்பாரம் என்று இன்று நாம் காணும் விமானத்தின் உருவம் முதன்முதலாகக் காற்றில் சென்றது அப்போதுதான். 1809, 1810 ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் பின்வந்தோர் அனைவருக்கும் பாடநூலாயின.

கேலி அதோடு நிற்கவில்லை. 1849-இல் அவர் பெரிதாகச் செய்த ஊர்தியில் சுமார் 10 வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றிச் சரிவில் விட்டபோது, அது அவனைச் சில கஜ தூரம் தரையில் படாமல் சுமந்து சென்றது. அவன் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. காற்றினும் கனமான ஊர்தி ஒன்று சுமந்துசென்ற முதல் மனிதன், பெயர் தெரியாத ஒரு குழந்தை! 1853-இல், கேலிக்கு 79 வயதாகும்போது, அவருடைய வண்டியோட்டி ஒருவர் அத்தகைய ஊர்தியில் பள்ளத்தாக்கைக் கடந்து இறங்கினார். இறங்கியவுடன், தம்மை வேலைக்கு அமர்த்தியது வண்டி ஓட்டத்தானே தவிரப் பறப்பதற்கு அன்று என்று சொல்லி வேலையை விட்டு விலகினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி.

இனி, என் பேரன் கேட்ட கேள்விக்கு நேரே வருவோம். அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர். இடுப்பு நோயினால் தம் குடும்ப மரபுப்படி கடற்படையில் சேர இயலாமற்போன அவர், பறக்கும் பொம்மைகள் செய்வதில் மனத்தைச் செலுத்தினார். முறுக்கிய ரப்பர் நாடாவை ஆற்றலாகப் பயன்படுத்தும் வழியைக் கையாண்டார். 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் பாரிஸில் துயிலெரி தோட்டத்தில், சிறகின் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர் மட்டுமே உள்ள தம் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடி நேரம் வானில் நின்று, சுமார் 40 மீட்டர் தூரம் சென்றது. யாரும் பிடித்துத் திருத்தாமல் தானே தன்னை நிமிர்த்திக்கொண்டு பறந்ததுதான் அதன் சிறப்பு.

அதன் சூட்சுமம் வாலில் இருந்தது. ஒரு விமானத்தின் எடை கூடி நிற்கும் இடம், காற்று அதைத் தாங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் அமையவேண்டும். அப்படி அமைந்தால் மூக்கு தாழப் பார்க்கும். அதை ஈடுசெய்ய, காற்று வாலைச் சற்றே கீழே அழுத்துமாறு வாலின் கோணத்தைப் பெனோ அமைத்தார். மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் வாலின்மேல் அழுத்தமும் கூடும். வால் தாழ, மூக்கு நிமிரும். நிமிர்ந்ததும் வேகம் குறையும். அழுத்தம் குறைய, மூக்கு மீண்டும் இறங்கும். இப்படி ஒன்றையொன்று திருத்திக்கொண்டு விமானம் சமநிலையில் செல்கிறது.

நாம் மடிக்கும் காகித அம்பில் தாளின் மூலைகள் எல்லாம் முன்பக்கம் வந்து அடுக்கடுக்காகச் சேர்வதால் முன்பாரம் தானே அமைந்துவிடுகிறது. குறைவது வாலின் வேலை. சிறகுகளின் பின்விளிம்பை ஒரு நெல்மணி அளவுக்கு மேல்நோக்கி வளைத்துவிட்டால் அந்தக் குறையும் தீரும். தலைகுப்புற விழுகிற விமானத்தின் பின்விளிம்பைச் சற்று மேலே வளையுங்கள். ஏறி நின்று தடுமாறி விழுகிற விமானத்தின் வளைவைச் சற்றுக் குறையுங்கள். பெனோவின் பாடம் முழுவதும் இதில் அடங்கிவிடும். 30 வயதிலேயே, 1880-இல், மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட அந்த இளைஞருக்கு, தம் கண்டுபிடிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கடைசிவரை தெரியாது.

அது எங்கே போய்ச் சேர்ந்தது? பெனோ 1870-இல் செய்திருந்த மற்றொரு பொம்மை, ரப்பர் முறுக்கினால் மேலே எழும்பும் சுழல்விசிறி. அதைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ஒரு பொம்மையை 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் மில்டன் ரைட் என்ற பாதிரியார், வெளியூர்ப் பயணத்திலிருந்து திரும்பும்போது தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் நாடா, இவ்வளவுதான். அதைக் கைக்குள் மறைத்துக்கொண்டுவந்து காற்றில் விட்டார். கீழே விழாமல் அது கூரையில் போய் முட்டியது. பிள்ளைகளில் வில்பருக்கு 11 வயது; ஆர்விலுக்கு 7 வயது. பொம்மைக்கு "வௌவால்" என்று பெயரிட்டு, அது கெட்டுப்போகும்வரை விளையாடினார்கள். பின்பு தாங்களே அதைப்போல் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. அளவை இரு மடங்கு ஆக்கினால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்பது அந்த வயதில் அவர்களுக்கு விளங்கவில்லை.

விளங்காத அந்தச் செய்தி அவர்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 1899-இல் பட்டங்களைக்கொண்டு சோதனை தொடங்கினார்கள். 1901-இல் காற்றுச் சுரங்கப்பெட்டி ஒன்றைத் தாங்களே செய்து, சுமார் 200 சிறகு வடிவங்களை அதில் வைத்து அளந்தார்கள். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், வட கரோலினாவின் கடற்கரை மணலில், ஆர்வில் ரைட் 12 விநாடி நேரம், சுமார் 36 மீட்டர் தூரம் பறந்தார். நம் காலத்தின் வானப் பயணம் அனைத்தும் அந்த 12 விநாடியிலிருந்து தொடங்குகிறது. அதற்கும் 25 ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு தகப்பனார் ஊரிலிருந்து வாங்கி வந்த காகிதப் பொம்மை இருந்தது.

குழந்தையின் கையில் காகிதத்தைக் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஓர் அரிய சான்று உண்டு. ஜெர்மன் நாட்டில் 1837-இல் குழந்தைப் பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், விளையாட்டே கல்வி என்ற கொள்கையுடையவர். அவர் வழிவந்த கிண்டர்கார்ட்டன் பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தரும் பொருள்களில் எட்டாவது, வண்ணக் காகிதச் சதுரங்களும் அவற்றை மடிக்கும் முறைகளும் ஆகும். இந்த விளையாட்டைக் கண்ட தண்டலம் சுந்தர ராவ் என்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. குழந்தை மடிக்கும் இதே சதுரத் தாளைக்கொண்டு, கோணமானியும் கவராயமும் இல்லாமலே வடிவ கணிதம் கற்பித்தால் என்ன? காகித மடிப்பில் வடிவ கணிதப் பயிற்சிகள் என்ற பொருள்படும் ஆங்கில நூலை 1893-ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்டார். ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். அவ்வழியே அதை அறிந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1901-இல் சிகாகோவில் அதைப் பதிப்பித்தார்கள். அந்நூல் இன்றளவும் அச்சில் வழங்கி வருகிறது. சென்னையில் ஒருவர் மடித்த தாளை உலகம் பிரித்துப் படித்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

விமானத்தைப் பிறப்பித்த காகிதம் பின்னர் விமானத்திலேயே ஏறிப் பயணம் செய்தது. அதுவும் நம் நாட்டில்தான். இன்று பிரயாக்ராஜ் எனப் பெயர் பெற்றுள்ள அலகாபாத்தில் 1911-ஆம் ஆண்டு ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. பிப்ரவரி 18-ஆம் நாள், ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி, 6,000-க்கும் மேற்பட்ட கடிதங்களைச் சுமந்து, யமுனையைக் கடந்து நைனியில் கொண்டு சேர்த்தார். உலகில் அரசாங்க அஞ்சல் விமானத்தில் சென்றது அதுவே முதன்முறை. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். வெளியூரில் பிழைக்கப் போனவருக்கும் ஊரில் காத்திருந்தவருக்கும் இடையே காகிதம் சிறகு பெற்றது அன்றுதான். தபால்காரர் கொண்டுவரும் உள்நாட்டுக் கடிதத்துக்காக வாசலைப் பார்த்திருந்த பெரியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி விளையாட்டின் பிற்காலச் செய்திகளைச் சுருங்கச் சொல்வேன். 1966-67-இல் அமெரிக்க விஞ்ஞான இதழ் ஒன்று சர்வதேசக் காகித விமானப் போட்டி நடத்தியது. 28 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 12,000 விமானங்கள் வந்து குவிந்தன. 1998-இல் கென் பிளாக்பர்ன் என்ற அமெரிக்கர் எறிந்த காகித விமானம் 27.6 விநாடி வானில் நின்றது. ஜப்பானியரான தக்குவோ தோடா 2010-இல் அதை 29.2 விநாடியாக உயர்த்தினார். தூரத்தில், 2012-இல் 69.14 மீட்டரும், 2022-இல் அமெரிக்க இளைஞர் மூவரின் விமானம் 88.318 மீட்டரும் சென்றன. ரைட் சகோதரர்களின் முதற் பறப்பு 12 விநாடி, சுமார் 36 மீட்டர் என்பதை நினைவுகூர்ந்தால், ஒற்றைத் தாள் தன் பேரப்பிள்ளையான விமானத்தின் முதல் அடியை இன்று வென்றிருப்பது விளங்கும்.

ஆனால் சாதனை படைப்பது ஒருவரோ இருவரோ. கற்றுக்கொள்ளக்கூடியவர்கள் எல்லாக் குழந்தைகளுமே. இதை உணர்ந்து, மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் 1972-இல் ஒரு விஞ்ஞானக் கல்வித் திட்டம் தொடங்கினார்கள். விலையுயர்ந்த கருவிகள் இன்றி, கையில் கிடைக்கும் பொருளைக்கொண்டு குழந்தைகளே சோதித்து அறிவதுதான் அதன் முறை. அங்கே பணியாற்றிய பொறியியலாளர் அரவிந்த் குப்தா, கழிவுக் காகிதத்திலும் தீக்குச்சியிலும் ரப்பர் குழாயிலும் நூற்றுக்கணக்கான பொம்மைகளை உருவாக்கிக் குழந்தைகளுக்கு வழங்கினார். 2018-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. குழந்தை ஒரு பொம்மையை உடைத்துப் பார்ப்பதும், செய்து பார்ப்பதும், தவறிப்போய் மீண்டும் செய்வதுமே விஞ்ஞானம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.

இவ்வளவும் படித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்து உட்காரவைத்தேன். இம்முறை நான் செய்து கொடுக்கவில்லை. அவனைச் செய்யச் சொன்னேன். "நீளவாட்டில் மடி. நகத்தால் அழுத்தி நீவு. பிரி. மூலையை நடுக்கோட்டுக்குக் கொண்டு வா. திருப்பு. இன்னும் ஒரு முறை நீவு." நான் சொல்லச் சொல்ல அவன் விரல்கள் செய்தன. புத்தகத்தில் படித்துப் பொருள் கேட்கவேண்டிய அவசியம் அந்தச் சொற்களுக்கு இல்லை. செயலே பொருளாக நின்றது. மடிப்பு, மூக்கு, சிறகு, விளிம்பு, வால் என்ற பெயர்களும் அப்படியே வந்து சேர்ந்தன. விமானம் விழுந்தது. அவன் "மூக்கு" என்றான். பின்விளிம்பைச் சற்று மேலே வளைக்கச் சொன்னேன். அடுத்த முறை அது தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, யாரோ கையில் ஏந்திச் செல்வதுபோல், சென்று இறங்கியது.

பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவேண்டும் என்று நாம் கவலைப்படுகிறோம். அதற்கு வகுப்பு வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்கிறோம். அவையும் வேண்டியவையே. ஆயினும் ஒரு தாளும் அரைமணி நேரமும் எல்லா வீட்டிலும் உண்டு. கையோடு சேர்ந்து வரும் சொல் எளிதில் போகாது. மில்டன் ரைட் தம் மக்களுக்குக் கொண்டுவந்த பொம்மையின் விலை மிகச் சிறிது. அதை அவர்கள் இரண்டாம் முறை தாங்களே செய்துபார்த்ததுதான் பெரிது.

சென்ற வாரம் கீழ்வீட்டு வங்காளிச் சிறுவன் விளையாட வந்திருந்தான். இருவரும் இந்தியில் பேசிக்கொண்டு தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். மடிப்புச் சரியாகப் படியாததைக் கண்ட என் பேரன், மற்றவனுடைய விரலைப் பிடித்துத் தாளின்மேல் வைத்து, "நீவு, நீவு" என்றான். சிறிது நேரத்தில் அந்தச் சிறுவனும் அடுத்த தாளை எடுத்துக்கொண்டு, தனக்குத்தானே "நீவு" என்று சொல்லி நீவிக்கொண்டிருந்தான். பாரசீகத்திலிருந்து காகிதம் என்ற சொல் நம்மிடம் வந்தபோதும் இப்படித்தான் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.